ஏரிக்கரை பலகை வீட்டைத் திறக்கும்போது

பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கும் எங்களுக்கு வாரக் கடைசி என்றால் பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா ஏரிதான். கிரியான் வயல்களின் பாசனத்துக்காக 1906-இல் கட்டி முடித்த ஏரி அது.

ஒரு வாரம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் பிள்ளைகளை உடனே விடாதீர்கள். முதலில் பெரியவர் ஒருவர் போய்ச் சன்னல்களைத் திறந்து, துடைப்பக் கட்டையால் கட்டிலுக்கு அடியில் தட்டிப் பார்க்கட்டும். பூரான் இருந்தால் வெளியே வந்துவிடும்.

அப்புறம் வாளி, பூத்தொட்டித் தட்டு, குளியலறைத் தொட்டி. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும், பிரஷ் போட்டுத் தேயுங்கள். என் மகளுக்கு எட்டு வயதில் டெங்கி வந்தது. அன்றிலிருந்து இந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.

கேஸ் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். நெத்திலிச் சம்பலை வீட்டிலேயே வதக்கி எடுத்துப் போனால் அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும்.

நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் மிதவைச் சட்டை வேண்டும். இடி கேட்டால் உடனே கரையேறி வீட்டுக்குள் போய்விடுங்கள்.

கிளம்பும்போது வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.