பிப்பெட்டைக் கழற்றும் முன் ஒரு கேள்வி

"அளவு சரியாக வரவில்லை" என்று யாராவது மைக்ரோபிப்பெட்டை (ஆய்வகத்தில் மிகச் சிறிய அளவு திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் கருவி) கொண்டுவந்தால், "கடைசியாக இதில் எதை எடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். பதில் தெரியாமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டேன். ரத்த மாதிரி என்றால் பிளீச்சால் துடைத்து, உலோகம் அரிக்காமல் இருக்க உடனே காய்ச்சி வடித்த நீரால் மறுபடி துடைக்க வேண்டும். அமிலம் என்றால் பிளீச் பக்கமே போகக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் எப்போதும் உண்டு.

அடுத்தது ஒழுகல் சோதனை. புதிய டிப் (நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) மாட்டி, முழு அளவு தண்ணீர் எடுத்து, செங்குத்தாகப் பிடித்தபடி 20 விநாடி எண்ணுங்கள். நுனியில் துளி திரண்டால் எங்கோ காற்று புகுகிறது. டிப்பை மாற்றிப் பாருங்கள். பொருந்தாத டிப்தான் காரணம் என்றால் வேலை அங்கேயே முடிந்தது.

தொடங்கிய காலத்தில் நான் இதைச் செய்யாமல் விட்டேன். 1000 மைக்ரோலிட்டர் (அதாவது ஒரு மில்லிலிட்டர்) பிப்பெட் ஒன்று குறைவாகக் காட்டியது. அளவுத் திருத்தத் திருகைத் திருப்பிச் சரிக்கட்டினேன். சில நாளில் மறுபடி குறைந்தது. திறந்து பார்த்தால் ஓ-ரிங்கில் (காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) முடி போல ஒரு விரிசல். அந்த இடைவெளியில் அதை நம்பி அளந்தவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒழுகலை நிறுத்திய பிறகுதான் திருத்தம்.

கழற்றும்போது விளிம்புள்ள தட்டில் வெள்ளைத்துணி விரித்து, அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள். ஸ்பிரிங் துள்ளும், ஓ-ரிங் உருண்டோடும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். பிஸ்டனை (உள்ளே மேலும் கீழும் நகரும் தண்டு) வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். அமில ஆவி அரித்த புள்ளி தெரிந்தால் பிஸ்டனையே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சீல் (அடைப்பு வளையம்) அதன்மேல் ஒட்டி உட்காராது. கையேடு கிரீஸ் போடச் சொன்னால் மட்டும், அது சொல்லும் கிரீஸைக் கடுகளவு எடுத்து மெல்லிய படலமாகத் தடவுங்கள். அதிகமானால் தூசி சேரும், டிப் பக்கமும் இறங்கும். பூட்டிய பிறகு பத்து முறை அழுத்தி விடுங்கள்.

அப்புறம் எடை. அறை வெப்பத்துக்கு வந்த காய்ச்சி வடித்த நீரை 10 முறை எடுத்து, தராசில் நிறுத்துச் சராசரி பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் மில்லிகிராம் எடையை 1.0029-ஆல் பெருக்கினால் மைக்ரோலிட்டர் கிடைக்கும். அதனால் 997 மில்லிகிராம் காட்டினால் பதற வேண்டாம், அது 1000 மைக்ரோலிட்டர்தான். பிப்பெட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8655-இன்படி இந்த அளவுக்கு 8 மைக்ரோலிட்டர் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதைத் தாண்டினால் மட்டுமே திருத்தத் திருகைத் தொடுங்கள். தொட்டால் 10 முறையும் மறுபடி நிறுத்துப் பார்த்துவிட்டு, தேதியையும் சராசரியையும் ஒட்டுத்தாளில் எழுதிப் பிப்பெட்டிலேயே ஒட்டிக் கொடுங்கள்.