கேஸை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்க

வன்முறைக்கு ஆளானவர்களோடு நாள் முழுக்கக் கதைத்துவிட்டு கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போதும் அந்தப் பிள்ளையின் குரல் காதுக்குள் கேட்கிறதா? பலவீனம் இல்லை அது, கேட்டுக்கேட்டே நம் உடம்பிலும் இறங்குகிறது.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி வேண்டும். நான் கடைசிக் குறிப்பை எழுதி, ஃபைலை அலுமாரியில் பூட்டி, முகம் கழுவி, மரைன் டிரைவ் பக்கம் பத்து நிமிடம் நடந்து, ஒரு பிளேன்ரீ குடித்த பிறகுதான் வீட்டுப் படி ஏறுவேன்.

உதவி தேடி வருபவர்களிடம் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு 119, பெண்கள் உதவிக்கு 1938 என்று எழுதிக் கொடுங்கள்.

மிகக் கஷ்டமானது இது: இலங்கையின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பெண்ணுக்காக அலைந்து திரிந்து நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுத்துக் கொடுத்த பிறகும் அவள் கணவனிடமே திரும்பிப் போகலாம். அது உங்கள் தோல்வி இல்லை. அன்றைக்கே ஒரு சக ஊழியரிடம், அவள் பெயர் சொல்லாமல், அரை மணி நேரம் மனதில் உள்ளதைக் கொட்டித் தீர்த்துவிடுங்கள்.

கிழமைக்கணக்கில் நித்திரை வரவில்லை, எல்லோரிடமும் எரிந்து விழுகிறீர்கள் என்றால் லீவு கேளுங்கள். தேசிய மனநல உதவி எண் 1926 நமக்கும்தான்.