கயிறு மீனுக்கு ராத்திரிச் சாப்பாடு

காட்பாடி வீட்டுத் தொட்டியில் ரோப் ஃபிஷ் மெலிந்துகொண்டே வந்தது. கயிறு போல நீண்டு ஒல்லியான மேற்கு ஆப்பிரிக்க மீன். பார்வை மந்தம், மோப்பம்தான் எல்லாம். இறாலை அது மோந்து வருவதற்குள் மற்ற மீன்கள் காலி செய்துவிடும்.

அதனால் மற்றவற்றுக்கு முதலிலேயே தீனி போட்டு, விளக்கை அணைத்த பிறகு, மண்புழுவை நீள இடுக்கியில் பிடித்து அதன் முகத்தருகே நீட்டினேன். மூக்கில் துருத்தும் இரண்டு குட்டிக் குழாய்கள் அசைந்தன. தலையைத் திருப்பி லபக்கென்று கவ்வியது. இப்போது உடம்பு தேறிவிட்டது.

அப்புறம், தொட்டி மூடியில் ஃபில்டர் குழாய் நுழையும் இடுக்கைப் பஞ்சால் அடைத்தேன். சின்ன ஓட்டை போதும், ஐயா தரைக்கு வந்துவிடுவார்! மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். வேலூர்க் கத்திரி வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், வாளியில் ஆறட்டும்.