கல்லைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள்

வாப்பா இலங்கையில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு கீழக்கரைக்குத் திரும்பியபோது ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். உள்ளே பொட்டலம் பொட்டலமாகக் கற்கள், சிலவற்றில் பெயர் எழுதியிருக்கும், பாதிக்கு ஒன்றும் இருக்காது. அதைக் கிளறித்தான் நான் கல் பார்க்கப் பழகினேன். உங்கள் வீட்டிலும் பழைய மோதிரத்திலிருந்து கழன்ற கல்லோ, இராமேசுவரத்தில் வாங்கிய ஸ்படிக மாலையோ கிடக்கும். எடுத்துக்கொள்ளுங்கள்.

வேண்டியது இவ்வளவுதான்: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்), கண்ணாடி டம்ளர், மெல்லிய தங்கூசி (நைலான்) நூல், ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸ். லேப்டாப் வீட்டில் இருக்குமே.

முதலில் கல்லைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு லூப்பில் பாருங்கள். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், எல்லாரும் இதை மாற்றிச் செய்வார்கள். உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் கோடு ஓடினால், மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்து ஸ்படிகம். கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிட ஸ்படிகம் சில்லென்று இருக்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் இரண்டையும் ஒரே நிழலில் அரைமணி நேரம் வைத்திருந்தால்தான் அந்த வித்தியாசத்தை நம்பலாம். நான் லேப்டாப்பைத்தான் நம்புவேன். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அதை மெதுவாகத் திருப்புங்கள், ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு மணியைத் திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் உருட்டுங்கள். ஸ்படிகம் என்றால் இருட்டில் வெளிச்சமும் வண்ணமுமாக மின்னும். கண்ணாடி மணி இருண்டே கிடக்கும், அதிகம் போனால் லேசாக ஒரு நிழல் ஆடும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், ஸ்படிகமும் ஒரு திசையில் ஏமாற்றும்.

இனி தண்ணீர் எடை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். கல்லைக் காய்ந்தபடி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாதித் தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். கல்லைத் தங்கூசியில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முழுவதும் மூழ்கும்படி கையில் பிடியுங்கள். தராசு இப்போது காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. காய்ந்த எடையை இதால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும், அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்ற எண். என் பால் நிறக் கல் ஒன்று 3.18 கிராம், தண்ணீரில் 1.20 காட்டியது, வகுத்தால் 2.65. ஸ்படிகம், ஊதா நிற அமெதிஸ்ட், மஞ்சள் நிற சிட்ரின் மூன்றுக்கும் இதே எண்தான். டோபாஸ் 3.53, கோமேதகம் 3.65 பக்கம், கெம்பும் நீலக்கல்லும் 4.00, வைரம் 3.52, வைரம் மாதிரி விற்கும் சிர்கோனியா 6ஐ ஒட்டி. புஷ்பராகம் என்று கையில் கொடுத்தது நீலக்கல் இனத்து மஞ்சள் கல்லா, டோபாஸா, வெறும் சிட்ரினா என்று இதிலேயே பிரித்துவிடலாம். சாதாரணக் கண்ணாடி மட்டும் 2.5 பக்கம் வந்து ஸ்படிகத்தை ஒட்டி நிற்கும், அதனால்தான் லேப்டாப் சோதனையை முன்னால் சொன்னேன்.

கல்லில் குமிழி ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். ஒருநாள் சிப்பி கழுவ வாளியில் கொண்டுவந்திருந்த கடல் தண்ணீரையே, எல்லாம் தண்ணீர்தானே என்று மொண்டு வைத்தேன். மேலே சொன்ன அதே பால் நிறக் கல், 1.20க்குப் பதில் 1.23 காட்டியது, வகுத்தால் 2.59, அது சந்திரகாந்தக் கல்லின் எண். மச்சானிடம் பீற்றிக்கொண்டு, மறுநாள் நல்ல தண்ணீரில் நிறுத்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். உப்பு தண்ணீரின் அடர்த்தியைக் கூட்டுகிறது, எங்கள் கரையில் குழாய்த் தண்ணீரைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, 1 காரட் கல் வெறும் 0.2 கிராம். கெம்பாக இருந்தால் 0.05 கிராம் தண்ணீரைத்தான் விலக்கும், தராசு 0.01 தடுமாறினாலே விடை 3.3க்கும் 5க்கும் நடுவில் எங்கேயாவது போய் நிற்கும். 5 காரட்டுக்குக் குறைந்ததை இந்தத் தராசில் போடாதீர்கள்.

எண் 4.00 வந்தாலும் பூமியில் விளைந்த கெம்பு என்று குதிக்க வேண்டாம். உலையில் உருக்கிச் செய்யும் கெம்பு நூறு வருடத்துக்கு மேலாகச் சந்தையில் இருக்கிறது, அதற்கும் இதே எண்தான். லூப்பில் இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகள் தெரிந்தால் அது உலைக் கெம்பு. ஒன்றும் தெரியாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

முத்தைப் பல்லின் முனையில் மெல்லத் தேயுங்கள், நிஜ முத்து நறநறக்கும், போலி வழுக்கும். வளர்ப்பு முத்தும் நறநறக்கும், இயற்கை முத்திலிருந்து அதைப் பிரிக்க எக்ஸ்ரே வேண்டும். முத்தையும் பவளத்தையும் வினிகரில் போடச் சொல்லும் ஆட்களிடம் காது கொடுக்காதீர்கள், இரண்டும் சுண்ணாம்புச் சத்து, கரைந்துதான் போகும். சிவப்புப் பவளத்தில் நீளவாக்கில் மெல்லிய வரி தெரியும், எண் 2.65 பக்கம் வரும். 1.5க்குக் கீழே வந்தால் பிளாஸ்டிக்.

நகைப் பவளம் மத்தியதரைக் கடல், ஜப்பான், தைவான் பக்கம் கிடைப்பது, மன்னார் வளைகுடாவில் இருப்பது பவளப்பாறை, வேறு சரக்கு. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கரையில் ஒதுங்கிய துண்டை எடுத்து வராதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வழக்காகிவிடும், செத்த துண்டாக இருந்தாலும் சரி.