"களைப்புத்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

மாரி பிறந்தால் மட்டக்களப்பில் மெடிக்கல் வார்ட்டுகளுக்கு டெங்கு வந்துவிடும். வயலில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். நாலாம் நாள் ஒரு பிள்ளை எழுந்திருந்து, "காய்ச்சல் விட்டிட்டு மிஸ், வீட்ட போகட்டா?" என்று கேட்கும். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20க்குச் சுருங்கினால் ஷொக், உடலுக்கு இரத்தம் போதாமல் போகும் நிலை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சேலைன் கணக்கையும் சிறுநீர் அளவையும் எழுதிக்கொண்டு விடியும்வரை நிற்கும் தாதியிடம், "களைப்புத்தானே, ஒரு நாள் லீவு போடுங்கோ" என்கிறோம். முதல் தவறு அதுதான்.

அது வெறும் களைப்பல்ல. பராமரிக்கும் வேலை செய்கிறவர்களின் பணிவாழ்க்கைத் தரத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் வினாத்தாளை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் பெத் ஸ்டாம். 30 கேள்விகள், எல்லாம் கடந்த 30 நாளைப் பற்றியவை. அவை அளப்பது மூன்று விஷயங்களை. வேலைப்பளுவால் மெல்ல மெல்ல ஏறும் சோர்வு ஒன்று. நோயாளி பட்ட வேதனை நம் நித்திரைக்குள் புகுவது இன்னொன்று. அது ஒரே இரவில்கூட வரும். மூன்றாவது, பராமரிப்பதில் கிடைக்கும் நிறைவு. மூன்றையும் கூட்டி ஒரே புள்ளியாக்குவது தவறு. வந்த புள்ளியைப் பார்த்து நோய் என்று முத்திரை குத்துவதும் தவறு. அந்த வினாத்தாள் நோய் கண்டறியும் சோதனை அல்ல.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. "அவ விருப்பத்தோட வேலை செய்றவ, தாங்குவா" என்று சொல்லி, நல்ல தாதிக்கே அடுத்த நைட்டையும் போடுவார்கள். நிறைவும் சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும். ஆள் பற்றாத வார்ட்டுக்கு ஒருநாள் யோகாப் பயிற்சி மருந்தாகாது. ரோஸ்டரைத்தான் திருத்த வேண்டும்.

வீட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. டியூட்டி முடிந்து வருகிறவரிடம், "பிள்ளையைத் தூக்காதே" என்பார்கள். டெங்கு ஆளுக்கு ஆள் தொற்றாது, நுளம்பு வேண்டும். காசநோய் காற்றில் பரவும். அதற்குத்தான் வார்ட்டில் என்95 மாஸ்க். இதைத் தெரிந்துகொண்டாலே வீட்டுப் பயம் பாதி குறையும்.

அப்புறம், ஒரு நோயாளி இறந்த இரவுக்குப் பிறகு, அடுத்த டியூட்டிக்காரரிடம் வார்ட்டைப் பாரம் கொடுத்த கையோடு தனியே பஸ் ஏறிவிடாதீர்கள். கூட நின்றவருடன் ஒரு தேத்தண்ணி குடித்து, அந்தக் கட்டிலில் நடந்ததைச் சொல்லுங்கள். கிழமைக்கணக்கில் நித்திரை வராவிட்டால் 1926க்கு அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், தாதியருக்கும் உரியது.