தவணை குறிக்காமல் ஆண்டவருக்குக் காத்திருப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலத்தகிரிப் பக்கம், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில், செபக் கருத்துகளை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வேன். அநேகமாக எல்லாக் கருத்தும் ஒரு தேதியோடுதான் வரும். வைகாசிக்குள் மகளுக்கு வரன் அமைய வேண்டும். ஓசூர் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருக்கும் மகனை இந்த ஆண்டே நிரந்தரமாக்க வேண்டும். நடந்தால் செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்குக் கால்நடையாக வருகிறேன். நேர்ச்சையில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்தத் தவணைதான் ஆளைக் கொல்கிறது. தேதி கடந்த மறுநாள், விசுவாசமே பொய்த்துவிட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான்: கேட்பதைக் கேளுங்கள், நேர்ச்சையும் இருக்கட்டும், தேதியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு நோட்டு எடுத்து, எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே, இந்தக் காத்திருப்பில் எது அதிகமாக வலிக்கிறது என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்போம், பெரும்பாலும் இருப்பதில்லை. குழந்தைக்காகக் காத்திருந்த ஒரு பெண் எங்கள் தெருவில் இருக்கிறாள். அவள் இரண்டாவது வரியாக எழுதியது, "வளைகாப்பு வீட்டில் என்னை வளையல் போடக் கூப்பிடுவதில்லை" என்பது. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளை வரம் ஆண்டவர் தர வேண்டியது. வளையல் தட்டை அவள் கையில் கொடுக்க நாங்கள் இருக்கிறோமே! அடுத்து வந்த வளைகாப்பில் முதல் வளையலை அவளே போட்டாள். பச்சைக் கண்ணாடி வளையல். கை நடுங்கியதில் ஒன்று உடைந்தது. யாரும் அதை அபசகுனம் என்று சொல்லவில்லை, சொல்ல நான் விடவும் இல்லை. ஆகவே இரண்டாவது வரியை உங்களுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். காத்திருப்பின் பாரத்தில் பாதியை அக்கம்பக்கத்து மனிதர்களே இறக்கி வைக்க முடியும்.

செபத்துக்கு வருவோம். காத்திருப்பவர்களுக்கு நீண்ட செபம் வராது, வற்புறுத்தவும் வேண்டாம். திருவிவிலியத்தின் 13-ஆம் திருப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள், சிறியது. "இன்னும் எத்தனை நாள்" என்று ஆண்டவரிடம் முகத்துக்கு நேரே கேட்கிற பாடல் அது; மறந்துவிட்டீரா என்றும் கேட்கிறது. விளக்கேற்றும் நேரத்தில் அதை வாய்விட்டுப் படியுங்கள், மனத்துக்குள் அல்ல. முறையிடுவது பாவம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பாவமாக இருந்தால் திருவிவிலியத்தில் அதற்கு ஏன் இடம் கொடுத்திருக்கிறது? அந்தப் பாடல் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். திரும்ப முடியாத நாளில் 88-ஆம் திருப்பாடலைப் படியுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அப்படி முடிவதும் செபம்தான்.

பகல் வேளைக்கு யாக்கோபு திருமுகத்தின் 5-ஆம் அதிகாரம். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுபவரைப் பாருங்கள் என்கிறார். அவர் நாட்டில் முன்மாரி அக்டோபர், நவம்பரில் இறங்கி விதைப்புக்கு மண்ணை இளக்கும்; பின்மாரி மார்ச், ஏப்ரலில் வந்து கதிரை முற்ற வைக்கும். நமக்கு மாமரம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் பெங்களூரா. ஜூலையில் காய் இறங்கிவிட்டால் அடுத்த காய்ப்பு வரை மரத்தைச் சும்மா விடுகிறோமா? காய்ந்த குச்சிகளைக் கழிக்கிறோம், மழை ஈரத்தில் எரு வைக்கிறோம். மார்கழி, தையில் பூ எடுத்ததும் தத்துப்பூச்சி விழுந்திருக்கிறதா என்று பூங்கொத்தை வளைத்துப் பார்க்கிறோம். கொத்து கொத்தாகப் பூத்ததில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பட்டாணி அளவுப் பிஞ்சும் காலடியில் கிடக்கும். அதைப் பார்த்து மரத்தை வெட்டுகிறவர் யாருமில்லை. காய் பிடிப்பது நம் கையில் இல்லை, எரு வைப்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் நோட்டில் மூன்றாவது வரியாக இன்றைய எரு எது என்று எழுதுங்கள்: மகனுடைய அடுத்த விண்ணப்பம், நோயாளிக்கு ஒரு வேளைக் கஞ்சி, பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு ஒரு போன். ஒன்று போதும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது, காத்திருப்பு முடியப்போகிற நேரத்தில்தான். கில்காலில் அரசர் சவுல், பலி செலுத்த வரவேண்டிய இறைவாக்கினர் சாமுவேலுக்காக ஏழு நாள் காத்திருந்தார். மக்கள் கலைவதைக் கண்டு பயந்து தாமே பலி செலுத்தினார். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நிற்கிறார்! ஆபிரகாம் வீட்டுக் கதை இன்னும் கனமானது. சந்ததி பெருகும் என்ற ஆண்டவரின் வாக்கை நம்பி 75 வயதில் புறப்பட்டவருக்கு, அந்த வாக்கின் மகன் ஈசாக்கு பிறந்தது 100 வயதில். கானானில் பத்து ஆண்டுகள் கழிந்ததும் மனைவி சாராவுக்குப் பொறுக்கவில்லை. பணிப்பெண் ஆகாரைக் கணவருக்குக் கொடுத்தாள். ஆபிரகாமின் 86-ஆம் வயதில் ஆகாருக்கு இஸ்மயேல் பிறந்தான். அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தது யார்? ஆபிரகாமும் சாராவும் அல்ல, கையில் அப்பமும் தண்ணீர்த் தோற்பையுமாகப் பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்ட ஆகாரும் அவள் பிள்ளையும். ஆகவே குறுக்குவழி ஒன்று கண்ணில் பட்டால், இதற்கு விலை கொடுக்கப்போவது யார் என்று கேளுங்கள். விசாரிக்காமல் பேசி முடிக்கிற வரனுக்கு மகள் விலை கொடுப்பாள். வேலைக்கு என்று தரகரிடம் கொடுக்கிற கடன் பணத்துக்கு வீடே விலை கொடுக்கும்.

இந்தப் பயிற்சியைத் தொடங்க, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலம் நல்ல நேரம். நான்கு ஞாயிறு, நான்கு மெழுகுதிரி. மூன்றாம் ஞாயிற்றின் இளஞ்சிவப்புத் திரி மகிழ்ச்சிக்கானது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்பே, காத்திருக்கும்போதே மகிழச் சொல்கிறது திருச்சபை. அந்த ஞாயிறன்று வீட்டில் ஏதாவது இனிப்பு செய்யுங்கள், கேட்டது இன்னும் கிடைக்காவிட்டாலும்.

ஒன்றை மட்டும் காத்திருப்பு என்று சொல்லாதீர்கள். மார்பில் கட்டி தெரிந்தும் செபித்துக்கொண்டே மாதங்களை ஓட்டுவது காத்திருப்பு அல்ல. நாளைக் காலையே மருத்துவமனைக்குப் போங்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவன் மனம் மாறட்டும் என்று அடிக்கு முதுகைக் கொடுப்பதும் காத்திருப்பு அல்ல. அவன் மனம் மாறச் செபிக்கலாம், அம்மா வீட்டில் பத்திரமாக இருந்துகொண்டு. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அன்பியத்தில் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள், வருவோம்.