சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாட்டுக்குப் பின் வயிறு உப்பினால்: என் அனுபவம்

மெடிக்கலில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டால் பல நேரம் பான்டோபிரசோலை எடுத்துத் தருவார்கள். அது அமிலத்தைக் குறைப்பது. உப்புசத்துக்கு நேரடி மருந்தல்ல. எனக்குப் பலன் தந்த மருந்து சிமெதிகோன். வயிற்றிலுள்ள சிறு வாயுக் குமிழிகளை ஒன்றுசேர்த்து ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ வெளியேற்றும். புதிதாக வாயு உண்டாவதைத் தடுக்காது. சாப்பிட்டபின் 80 மி.கி. மெல்லும் மாத்திரை ஒன்று. முழுசாக விழுங்காமல் நன்றாக மெல்லணும். நாளுக்கு 500 மி.கி.யைத் தாண்டக்கூடாது.

சிமெதிகோனோ, அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் ஜெல்லோ, தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரம் தள்ளியே எடுக்கணும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குச் வாயுவுக்குக் கரைத்துக் குடிக்கும் சோடா உப்புத் தூள் ஆகாது, சோடியம் அதிகம்.

நம்ம திருநெல்வேலியில் சொதிக்கு இஞ்சிப் பச்சடி வைப்பது காரணமாகத்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

நெஞ்சழுத்தம், வியர்வை, இடது கை வலி சேர்ந்து வந்தால் வாயு என்று காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.